அறுபதைத் தொண்ணூற்றைந்தாக்கச் சொன்ன வாத்தியார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டேன். தாளை எடுப்பேன், மேலே பிள்ளையார் சுழி போடுவேன், அடுப்பில் ஏதோ பொங்குகிற மாதிரி எழுந்து போய்விடுவேன். வாத்தியாரைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசினால் பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அது ஒன்று. இன்னொன்று, பெரியவளைப் போலவே என் சின்ன மகளும் அந்த வாத்தியாரின் கல்லூரியில், அவர் துறையிலேயே படித்துக்கொண்டிருந்தாள். அம்மா எழுதியதற்கு அவள் மார்க்கில் பதில் வந்துவிடுமோ என்று பயம். அவள் இந்த வருடம் படிப்பை முடித்து வெளியே வந்துவிட்டாள். இனி எனக்கு அந்த மனிதரிடம் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. என் படிப்பு பத்தாவதோடு நின்றது. எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பு இருக்காது.

நாங்கள் திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மிஷின் வேலை. பெரிய மகள் தினமும் ரயிலில் போய் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தாள். படித்து முடித்ததும், டாக்டர் பட்டத்துக்கு வெளிநாடு போகிறேன் என்றாள். அங்கே ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குப் படிக்கிற இடமே மாதச் சம்பளம் தரும் என்று அவள் சொன்னதை என் வீட்டுக்காரர் நம்பவே இல்லை.

"நீ படிக்கிறதுக்கு அவன் துட்டு தர்றானா? இன்னா பாப்பா, நைனாவையே கலாய்க்கிறியா?"

மாடியில் குடியிருந்த ஐ.டி. கம்பெனித் தம்பி தண்ணீர் மோட்டார் போட இறங்கி வந்தபோதெல்லாம் எனக்குப் புத்தி சொன்னார். "கெமிஸ்ட்ரிக்கெல்லாம் இப்ப வேல்யூ இல்ல ஆன்ட்டி. ஒரு கோடிங் கோர்ஸ் சேத்து விடுங்க, ஆறு மாசத்துல ஆளே மாறிடுவா." ஆள் மாறுவதற்கா நான் பெண்ணைப் பெற்றேன் என்று கேட்க நினைத்தேன். மோட்டார் அவர் கையில் இருந்ததால் கேட்கவில்லை.

அவள் எம்.எஸ்சி.யில் செய்த ஆராய்ச்சி எனக்கே புரிகிற மாதிரி இருந்தது. சாயப்பட்டறைத் தண்ணீரில் இருக்கும் நிறத்தை இழுத்துக்கொள்கிற ஒரு பொடி. புளியங்கொட்டைத் தோலிலிருந்து செய்தது. கொட்டை என் சமையலறையிலிருந்துதான் போயிற்று. ஒருநாள் இரண்டு பாட்டில் கொண்டுவந்து காட்டினாள். ஒன்றில் குங்குமத்தைக் கரைத்த மாதிரி செக்கச்செவேல் தண்ணீர். இன்னொன்றில், பொடி போட்டு வடிகட்டியது, ரோஸ்மில்க் நிறத்தில்.

"எவ்ளோ போச்சு?" என்று கேட்டேன்.

"நூத்துக்கு அறுவது போச்சும்மா."

"மீதி நாப்பது ஏன் போல?"

"அதைக் கண்டுபுடிக்கத்தாம்மா மேல படிக்கணும்."

அன்றைக்கே விளக்கேற்றும்போது அம்மனிடம் கேட்டுக்கொண்டேன், அந்த நாற்பதை என் பெண் கண்ணுக்குக் காட்டு தாயே என்று.

விண்ணப்பத்துக்கு மூன்று ஆசிரியர்கள் பரிந்துரை கொடுக்க வேண்டும். அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகமே ஒவ்வொருவருக்கும் மெயில் அனுப்பும், அதில் வருகிற லிங்கில்தான் அவர்கள் கடிதத்தை ஏற்ற வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கொடுத்த பெயரை இடையில் மாற்றவும் முடியாது. ஆராய்ச்சியை வழிநடத்திய மேடம் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போயிருந்தார். போன இடத்திலிருந்தே உடனே அனுப்பிவிட்டார். பி.எஸ்சி. படித்த கல்லூரியில் ஒரு சார், அவரும் அனுப்பிவிட்டார். மூன்றாவது, எம்.எஸ்சி. துறைத் தலைவர். எல்லோரும் ஹெச்.ஓ.டி. என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம். யாருடைய ஆராய்ச்சியும் தொண்ணூறுக்குக் கீழே வராது. கீழே வந்தால் மேலே வரவைப்பார்கள். சோதனையில் வந்த எண்ணுக்கு அவர்கள் ரீடிங் என்பார்கள்; இதற்கு வைத்திருக்கும் பெயர் ரீடிங்கைச் சமைப்பது. நானும் தினமும் சமைக்கிறவள்தான். என் அடுப்பில் வெந்தது வெந்தது, வேகாதது வேகாதது. அவர்கள் அடுப்பில் அரிசி போடாமலே சோறு வரும், பாயசமும் வரும்.

ஹெச்.ஓ.டி. தன் கையால் எழுதுவது கையெழுத்து மட்டும்தான். மற்ற எல்லாவற்றையும் எழுத, அவரிடம் பல வருடமாக டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற ஓர் அக்கா இருந்தார். கேள்வித்தாள் எடுப்பது, விடைத்தாள் திருத்துவது, ஹெச்.ஓ.டி. வீட்டு சிலிண்டருக்கு புக் செய்வது எல்லாம் அந்த அக்காதான். என் மகளுக்கான பரிந்துரையையும் அவர்தான் எழுதினார். எழுதிவிட்டு என் மகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தொண்ணூத்தஞ்சுன்னு போடச் சொல்லிட்டாரு. நான் என்னடி பண்ணட்டும்?"

என் மகள் நேரே அவரிடம் போய், சார், அறுபதுதான் வந்தது என்றாள். அவர் சிரித்தாராம். "அறுபதுன்னா பாஸ் மார்க்கும்மா. பாஸ் மார்க் வாங்கினவளையா நான் ரெகமண்ட் பண்ணணும்? நம்ம டிபார்ட்மெண்டுக்குன்னு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு." மேடத்தின் பரிந்துரையில் அறுபது என்று இருக்கிறதே, சார் என்றதற்கு, "அவங்க சின்னப் பொண்ணு" என்று முடித்துவிட்டார். நேர்காணல் முடியட்டும், அப்புறம் ஏற்றுகிறேன் என்றார்.

நேர்காணல், அங்கே இவளை வழிநடத்தப் போகிற வெள்ளைக்காரப் பேராசிரியரோடு, கம்ப்யூட்டர் வழியாக. அது மழைக்காலம். எங்கள் பக்கம் நாலு தூறல் விழுந்தால் கரண்ட் போய்விடும். ஹெச்.ஓ.டி. தானாகவே, என் ரூமில் வைத்துக்கொள் என்றார். என்ன நல்ல மனசு என்று நினைத்தேன். போன பிறகுதான் தெரிந்தது, அவர் வாங்கின ஷீல்டுகள் எல்லாம் பின்னால் தெரிகிற மாதிரி நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார். நடுவில் இருந்த ஒரு ஷீல்டை அந்த அக்காவை விட்டுத் துடைக்கவும் வைத்தார்.

அங்கே காலை, இங்கே சாயங்காலம். பெண் தனியாக ரயிலில் திரும்ப வேண்டாம் என்று நானும் கூடப் போயிருந்தேன். என்னைக் கதவோரம் உட்காரச் சொன்னார்கள். அந்த அக்கா அலமாரிப் பக்கம் நின்றார். ஹெச்.ஓ.டி. மட்டும் கம்ப்யூட்டருக்குப் பின்னால், வெள்ளைக்காரருக்குத் தெரியாமல் என் மகளுக்கு மட்டும் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டார்.

வெள்ளைக்காரருக்குத் தலையில் முடி இல்லை. அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு சைக்கிளைச் சாத்தி வைத்திருந்தார். ஷீல்டு ஒன்றும் காணோம். அவர் ஏதேதோ கேட்டார், இவள் சொன்னாள். பிறகு பொடியைப் பற்றிக் கேட்டார். எத்தனை என்று கேட்கிறார் என்பது எனக்கே தெரிந்தது. ஏனென்றால் ஹெச்.ஓ.டி.யின் கை இரண்டும் மேலே போயின. ஒன்பது விரல். உடனே மூடி, ஐந்து விரல். மறுபடி ஒன்பது, மறுபடி ஐந்து. அருள் வந்தவர் கூட அவ்வளவு வேகமாகக் கையை ஆட்டி நான் பார்த்ததில்லை. படித்த மனிதர், நெற்றி நிறைய விபூதி, கையில் நவரத்தின மோதிரம். அந்த மோதிரத்தோடு பொய்யை ஆட்டிக் காட்டிக்கொண்டு நின்றார்.

என் மகள் அந்த விரல்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "சிக்ஸ்டி" என்றாள்.

கை அப்படியே நின்றது. வெள்ளைக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் பேச்சே ஆரம்பித்தது. இவள் தாளில் ஏதோ வரைந்து காட்டினாள். அவரும் வரைந்து காட்டினார். போகாத அந்த நாற்பதைப் பற்றித்தான் அவ்வளவு நேரமும் பேச்சு என்று பிறகு சொன்னாள். ஹெச்.ஓ.டி. ஒரு மூலையில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

திரை அணைந்ததும் என்னைப் பார்த்தார். "யம்மா, உம் பொண்ணு தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டா."

"அவ பொய் சொல்லலியே சார்."

"பொய்யின்னு யாரும்மா சொன்னா? இதுக்குப் பேரு ரவுண்டு பண்றது."

"அறுவதை ரவுண்டு பண்ணா எப்டி சார் தொண்ணூத்தஞ்சு வரும்?"

அலமாரிப் பக்கம் நின்ற அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது. இருமல்தானா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் முகம் மாறிவிட்டது. என் மகளிடம், "என் லெட்டர் வேணும்னா அந்தப் ப்ரொஃபசருக்கு மெயில் போடு. டென்ஷன்ல மாத்திச் சொல்லிட்டேன், தொண்ணூத்தஞ்சுதான்னு எழுது. எழுதிட்டு எனக்குக் காட்டு. அன்னிக்கே நான் ஏத்திடறேன்" என்றார்.

கடைசி நாளுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. மகள் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான் பெற்றவள்; சும்மா இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, பூ வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிக் காட்டுப்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். வாத்தியார் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது அல்லவா. அவர் வீட்டம்மா தட்டை வாங்கிக்கொண்டார். மரியாதையான பெண்மணி, காப்பி கொடுத்தார்.

அந்த வீட்டில் பூஜைக்கு என்றே ஓர் அறை, கீழே பளிங்கு. எங்கள் வீட்டுக் கூடத்தைவிடப் பெரிது. கதவு திறந்திருந்தது. முருகன் நின்றுகொண்டிருந்தார். நான் வெளியில் நின்றே கும்பிட்டேன்.

"மெயில் போட்டாளா?" என்றார் ஹெச்.ஓ.டி.

"இல்ல சார். நான் ஒண்ணு கேக்கலாமா?"

"சொல்லும்மா."

"அதோ சாமி கீறாரு. அவரு முன்னாடி நின்னு தொண்ணூத்தஞ்சுதான்னு நீங்க ஒரு வாட்டி சொல்லுங்க சார். நானே எம் பொண்ண மெயில் போட வெக்கிறேன்."

அவர் வீட்டம்மா அவரைப் பார்த்தார். அவர் பழத்தட்டைப் பார்த்தார்.

"சாமிய எதுக்கும்மா இதுல இழுக்கற? இது சயின்ஸ்."

இத்தனை வருடத்தில் நான் எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை. சயின்ஸுக்கும் உண்மை வேண்டாம், சாமிக்கும் தெரியக்கூடாது என்றால் பின்னே அந்தப் பளிங்கு எதற்கு? காப்பியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பழத்தை மட்டும் விட்டுவிட்டு வந்தேன். அது முருகனுக்குக் கொடுத்ததாகவே இருக்கட்டும்.

வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "உடு. இந்தாளு ஒருத்தன் கொடிய ஆட்டலன்னா ரயிலே ஓடாதா?" என்றார். மகள் பின்பக்கம் போய்த் துணி துவைக்க ஆரம்பித்தாள். துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் வந்தது. அவர் ஏற்றவில்லை. மூன்றாவது பரிந்துரை வராததால் இந்த முறை பரிசீலிக்க முடியாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து மெயில் வந்தது. ஒரு வருடம் போயிற்று. என் பெண்ணின் ஒரு வருடம். சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து விசாரித்தார்கள். மாடித் தம்பி கோடிங் கோர்ஸ் விலையைக் குறைத்திருப்பதாகச் சொன்னார். பின்னாலேயே அந்த வெள்ளைக்காரரிடமிருந்து தனியாக ஒரு மெயில். விதியை நான் மீற முடியாது, அடுத்த வருடம் கட்டாயம் விண்ணப்பி, அந்த நாற்பதை மறந்துவிடாதே என்று எழுதியிருந்தார்.

அந்த ஒரு வருடம் எஸ்டேட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனியில், லேபில் வேலை பார்த்தாள். அப்பாவும் மகளும் ஒரே ரயிலில் போவார்கள். அடுத்த முறை மூன்றாவது பரிந்துரையை அந்த லேபின் மேனேஜர் கொடுத்தார். யாரையும் விட்டு எழுதவைக்காமல் தானே எழுதினார். இடம் கிடைத்தது. மெயிலைப் படித்துக் காட்டியபோது என் வீட்டுக்காரர், "மாசாமாசம் தருவானாமா?" என்று இன்னொரு முறை கேட்டுவிட்டு, முகம் கழுவப் போகிற மாதிரி பாத்ரூமுக்குள் போய் ரொம்ப நேரம் வரவில்லை. நான் அம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். இப்போது அவள் அங்கேதான் இருக்கிறாள். இன்னும் அந்த நாற்பதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். அவள் விமானம் ஏறின வாரமே கல்லூரி வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஆளுயரத்துக்கு ஹெச்.ஓ.டி., கைகட்டிக்கொண்டு. அவர் முழங்கைக்குக் கீழே ரேஷன் கார்டு போட்டோ அளவில் என் மகள். போகட்டும், ஃப்ளெக்ஸ்தானே, மழை கரைத்துவிடும் என்று இருந்தேன். போன மாதம் துறை விழாவில் அவர் மேடையேறிப் பேசியதை என் சின்ன மகள் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்.

"நேர்காணல்ல என்ன நம்பர் கேட்டாலும் உள்ளதைத்தான் சொல்லணும்னு அந்தப் பொண்ணுக்கு நான்தான் ட்ரெயினிங் குடுத்தேன். நான் பின்னாடியே நின்னு தைரியம் சொன்னேன். கூசாம எழுபதுன்னு சொன்னா பாருங்க!"

எல்லோரும் கைதட்டினார்களாம். எழுபதாம்! உண்மை பேசக் கற்றுக்கொடுத்தேன் என்று பெருமை பேசுகிற இடத்தில்கூட அந்த மனிதரால் பத்தைக் கூட்டாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் எழுந்து போகாமல் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் இதைக் கொடுங்கள். பெற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். என் மகளை வீராங்கனை ஆக்கவேண்டாம். அவள் அன்றைக்கு நடுங்கிக்கொண்டுதான் சொன்னாள். அந்த மனிதரையும் நான் சொன்னதற்கு மேல் கெட்டவர் ஆக்கவேண்டாம். நடந்ததே அவருக்குப் போதும். வாத்தியாரைப் பழித்த பாவம் எனக்கு இருந்தால் அதை நான் அம்மனிடம் பேசிக்கொள்கிறேன். ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல், எழுதியது எழுதியபடியே அடுத்தவர் கையில் கொடுங்கள். மாற்றித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் தயவுசெய்து சொல்லாமலே விட்டுவிடுங்கள்.