பின்னால் எஞ்சின், முன்னால் அரிசி

என் மனைவி தவமலர் லண்டன் குரோய்டன் பஸ் டிப்போவில் பதினெட்டு வருடமாக மெக்கானிக். பகல் முழுக்கப் பஸ்ஸுக்குக் கீழே கிடப்பது போதாதென்று, ஏழு வருடத்துக்கு முன் ஒரு பழைய காரையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். 1930களில் யாரோ ஒருவர் பரிசோதனையாகக் கட்டிய ஒரேயொரு கார். எஞ்சின் பின்னால். நான்கு சக்கரமும் தனித்தனி ஸ்பிரிங்கில். ஒன்று பள்ளத்தில் இறங்கினாலும் மற்றது அசையாது. அந்தக் காலத்தில் இப்படி யோசிக்கப் பெரிய துணிச்சல் வேண்டும் என்பாள். எனக்கு வேண்டியதெல்லாம் என் சைக்கிளை வைக்க ஓர் இடம்.

அவள் திருத்தி முடித்ததும், பழைய கார்க் கிளப் ஒன்றின் ஓட்டத்தளத்தில் அவளையே ஓட்டவைத்து அதைச் சோதித்தார்கள். வளைவில் பின்பக்கம் வீசி, கார் சுழன்று புல்லில் போய் நின்றது. பரிசோதகர் ‘வடிவமைப்பே பிழை’ என்று எழுதினார். இன்னும் ஒரு தடவை பார்க்கலாம், அதிலும் தவறினால் ஓடவிட மாட்டோம், ‘தோற்ற பரிசோதனை’ என்று பலகை மாட்டிக் காட்சிக்கு வைக்கலாம் என்றார்.

அடுத்த கிழமை அந்தக் காரிலேயே போய், கோயில் அன்னதானத்துக்கு மூன்று மூட்டை அரிசி வாங்கினோம். மூட்டையைக் கண்டால் எங்கள் ஆட்களின் கை தானாக டிக்கிக்குப் போகும். நானும் பின்மூடியைத் திறந்து, எஞ்சினுக்கு மேல் ஒரு மூட்டையை வைக்கப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு மூன்றையும் முன்பெட்டிக்குள் திணித்தேன். வழியில் ஒரு ரவுண்டபவுட்டை அவள் மூன்று தரம் சுற்றினாள்.

“இஞ்சாருங்கோ, கார் சொல்லுக் கேக்குது! முன்னுக்குப் பாரம் இல்லாமல்தான் சுழண்டிருக்கு.”

“அப்ப அரிசியோடையே ஓட்டு.”

“விசர்க்கதை கதையாதேங்கோ. இந்த இடத்தில முந்தி ஏதோ பாரமா இருந்திருக்கு.”

முன்பெட்டியின் பெயின்றைச் சுரண்டினாள். பெற்றோல் நிரப்பும் தாங்கியைப் பூட்டிய பழைய துளைகள் தெரிந்தன. பின்னாளில் யாரோ அதைக் கழற்றி எஞ்சினுக்கு மேல் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

“கட்டின மனுசனில ஒரு பிழையும் இல்லை” என்றாள், சொந்தத் தமையனுக்காக வழக்காடுவதுபோல. இரண்டு மாதத்தில் தாங்கி பழைய இடத்துக்கு வந்தது.

சோதனை நாளில் நான் பக்கத்து ஆசனத்தில். வளைவில் பின்பக்கம் மெல்ல விலகியது. பயந்து அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இந்தக் கார் சுழன்றுவிடும். நானென்றால் எடுத்திருப்பேன். அவள் எடுக்கவில்லை. கார் வளைந்து நேரானது. இப்படி ஒரு பெண்ணோடா இவ்வளவு காலமும் சைக்கிளுக்காகச் சண்டை பிடித்தேன் என்று வெட்கமாகிவிட்டது.

பரிசோதகர் எதுவும் எழுதவில்லை. தானே ஓட்டிப் பார்க்கக் கார்த் திறப்பைக் கேட்டார். வளைவில் காலை எடுக்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொல்லித் திறப்பைக் கொடுத்தாள்.

கார் எங்களைக் கடந்து போனது. தவமலர் என் கையை இறுகப் பிடித்தாள்.

“ஏழு வருசத்தில இண்டைக்குத்தான் வெளியில நிண்டு பாக்கிறன். எவ்வளவு வடிவா ஓடுது!”

அழுதுகொண்டிருந்தாள். ஒரு சுற்று முடிந்தது. பரிசோதகர் நிறுத்தவில்லை, கையைக் காட்டிவிட்டு இரண்டாம் சுற்றுக்குப் போனார்.