உறுதிபூசுதல் கேக்கும் தவசிருந்த கோழிகளும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். தேவதிரவிய அனுமானம் என்கிற திருச்சடங்கைச் சொல்ல வந்தவள் கோழியையும் முட்டையையும் பேசுகிறாளே என்று யாராவது முகம் சுளிப்பார்களோ என்று பயம். சிரிப்பையும் சர்வேசுரன்தானே தந்தார் என்று இப்போது துணிந்துவிட்டேன்.

அறுபத்துநாலாம் வருஷப் புயலுக்கு முந்தைய காலம். தங்கச்சிமடத்தில், கருவாடு காயும் மணலை ஒட்டி எங்கள் வீடு. மூத்த மகளுக்கு, ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல் கொடுக்க மேற்றிராணியார், அதாவது பிஷப், வரப்போகிறார். ஞானத்தாயாக நிற்க மதுரையிலிருந்து என் அண்ணன் மனைவி வருவதாகப் பேச்சு. நல்ல மனுஷி. ஆனால் கருவாட்டு வாடை ஆகாது. எங்கள் வீட்டில் இளநீரைத் தவிர எதுவும் அவருக்கு இறங்கியதில்லை.

"இந்தத் தடவ அத்தை நம்ம வீட்ல வயிறாரத் திங்கணும்மா. கேக்கு செய்வோம்" என்று மகள் பிடித்த பிடியாக நின்றாள்.

பழக்கேக்கு கிறிஸ்துமஸுக்குத்தான் என்று நான் தள்ளிவிட்டேன். கொழும்பில் கொஞ்ச காலம் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், அங்கே ரவையும் முந்திரியும் போட்டு, நிறைய முட்டை அடித்து ஊற்றிச் செய்யும் கேக்கைச் சொன்னார். அவர் சொன்ன விதத்திலேயே மகளுக்கு எச்சில் ஊறிவிட்டது. அதுவே முடிவானது.

திருநாளுக்கு இன்னும் நாள் கிடந்ததால் ஒரு ஒத்திகை பார்த்தோம். சட்டியில் மணல் பரப்பி, உள்ளே மாவுத் தட்டை வைத்து மூடி, மூடிமேல் சிரட்டைக் கங்கு போட்டோம். பொன்னாக எழும்பி வந்தது. ஆளாளுக்குப் பிய்த்துத் தின்றோம். அந்நேரம் பரமக்குடியிலிருந்து ரயிலேறி வத்தல் விற்க வரும் அம்மாவுக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். வாயில் வைத்தவர் நின்றுவிட்டார்.

"ஏத்தா, கருவாட்ட அரைச்சா போட்டிய?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் கோழிகள் பொழுதெல்லாம் மேய்வது கருவாட்டு மணலில். முட்டையிலும் அதே வாடை. எங்கள் மூக்குக்கு அது தெரியவில்லை.

"நல்லதாப் போச்சு. சுத்தபோசன வெள்ளிக்கிழமையும் இந்தக் கேக்கத் திங்கலாம், கறிதான ஆகாது, மீனு ஆகும்ல" என்றார் வீட்டுக்காரர். மகள் சிரிக்கவில்லை. அழுதுவிட்டாள்.

அன்றே கோழிகளைப் பஞ்சாரக் கூடையில் கவிழ்த்து அடைத்தோம். கம்பும் குருணையும்தான் தீனி. மகள் செபமாலையோடு பக்கத்தில் காவல்.

"இது ஒங்களுக்குத் தவசுகாலம். பொறுத்துக்கங்க" என்பாள் கோழிகளிடம்.

"பாவசங்கீர்த்தனம் எப்ப வச்சிருக்க?" என்பார் தகப்பன், கோழியும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல வேண்டும் என்பதுபோல.

ஒரு புள்ளிக்கோழி மட்டும் தப்பியோடி, சூடைமீன் தலையைக் கவ்விக்கொண்டு திரும்பி வந்தது. அதன் முட்டைகளை நாங்களே தின்று தீர்த்தோம்.

திருநாளும் வந்தது. மேற்றிராணியார் மகள் நெற்றியில் பரிசுத்த தைலம் பூசி, சடங்குப்படி கன்னத்தில் மெல்லத் தட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மதினி கேக்கை எடுத்து முதலில் மூக்கருகில் கொண்டுபோனார். நான் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன்.

மதினி கடித்தார். மென்றார். தட்டை நீட்டினார்.

"இன்னொரு துண்டு வை தாயி. அப்படியே சோறும் போடு, பசிக்குது."

மகள் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். மூலையில் வீட்டுக்காரர் மட்டும் கேக்கை மென்று மென்று பார்த்தார்.

"எல்லாம் சரி. மொதக் கேக்குல இருந்த ருசி இதுல இல்லையே!"

படிக்கிறவர்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். மதினி இரண்டு துண்டுதான் தின்றார், அதை நாலாக்க வேண்டாம். தப்பியோடிய புள்ளிக்கோழியையும் விட்டுவிடாதீர்கள்.