பிசிறும் ஜன்னல் சீட்டும்

குறை கண்டுபிடிப்பதுதான் எனக்கு வேலை. பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் செக்கிங் மேஜை என்னுடையது. தையல் விட்டிருக்கிறதா, காலர் கோணியிருக்கிறதா, பாக்கெட் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, மனிதர்களையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டேன். என் வீட்டுக்காரரைக் கேட்டால் இதைப் பற்றி நிறையவே சொல்லுவார். அப்படிப்பட்ட நான் ஒருத்தியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவளை நாங்கள் பிசிறு என்று கூப்பிடுவோம். தைத்து வரும் சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளை வெட்டுவது அவள் வேலை. ஆளும் அப்படித்தான் இருப்பாள், ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி. அவள் வெட்டி முடித்த சட்டைதான் என் மேஜைக்கு வரும். இத்தனை வருஷத்தில் அவள் விட்ட நூல் என்று ஒன்றைப் பிடிக்க முடிந்ததில்லை. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு.

அவளுக்குப் பயமில்லாத சாமான் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது அந்தச் சின்னக் கத்தரிதான். மற்றதெல்லாம் பயம். குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு விசில் அடங்கும்வரை வாசலில் போய் நிற்பாள். தெருமுனையில் ஒரு நாய் படுத்திருக்கிறது என்று பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் முகம் வெளுத்துவிடும். அதற்குக் காரணம் உண்டு. அவள் வீட்டுக்காரர் பெயிண்டர். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடிப்பவர். ஒவ்வொரு போனும் அவர் விழுந்துவிட்டார் என்று சொல்லத்தான் வருகிறது என்று அவளுக்கு நினைப்பு.

எல்லாவற்றுக்கும் மேல் லிஃப்ட். எங்கள் கம்பெனி இருப்பது ஐந்தாவது மாடியில். லிஃப்ட் என்பது துணிக்கட்டு ஏற்றுவதற்காக எந்தக் காலத்திலோ போட்ட கம்பிக் கதவு லிஃப்ட். நாங்களும் கட்டோடு கட்டாக அதில் ஏறிக்கொள்வோம். பிசிறு மட்டும் படி. படியில் வரும்போதுகூட லிஃப்ட் பக்கம் ஒட்டாமல் எதிர்ச் சுவரைத் தடவிக்கொண்டு வருவாள்.

"உன்னையெல்லாம் எப்படிடி பெத்தாங்க? வெளிய வர்றதுக்குப் பயந்திருப்பியே?" என்பார் அயர்ன் அக்கா.

"அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டாங்களாம்க்கா," என்று அவள் உண்மையாகவே பதில் சொல்லுவாள்.

அயர்ன் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இஸ்திரி மேஜை அவருடையது. எங்களில் மூத்தவர், குரலும் பெரிசு. நாள் முழுக்க ஆவியிலும் பஞ்சுத் தூசியிலும் நின்று அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. சாப்பாட்டுப் பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். ஆனால் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. மேனேஜரையே "தம்பி, இங்க வா" என்று கூப்பிடுகிற ஆள்.

சாயங்காலம் கம்பெனி வேனில் கடைசி வரிசை எங்களுக்கு. அயர்ன் அக்கா, பிசிறு, நான், அப்புறம் பட்டன் மெஷினில் இருக்கும் புதுக்கல்யாணக்காரி. அவளுக்குப் பெயரே பட்டன். அந்த வரிசையில் ஒரு பக்கக் கண்ணாடி திறக்காது. திறக்கிற ஜன்னல் ஒன்றுதான், அதில்தான் காற்று. நாள் பூரா வெந்துபோய் வருகிற எங்களுக்கு அந்தக் காற்றுக்கு அடிதடி. அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். அன்றைக்கு யார் எதில் ஜெயித்தார்களோ அதைச் சொல்ல வேண்டும். யாருடையது பெரிசோ அவருக்கு ஜன்னல் சீட்டு.

பெரிய சாதனையெல்லாம் இல்லை. சாயம் போன துணியைக் கடைக்காரன் தலையில் திருப்பிக் கட்டினேன் என்று நான் ஒருநாள் ஜெயித்தேன். மாமியார் காலையில் எழுப்ப வந்தபோது "இன்னும் கொஞ்ச நேரம் தூங்கறேன் அத்தே" என்று சொல்லிவிட்டேன் என்று பட்டன் ஜெயித்தாள், வேனே கைதட்டியது. முக்கால்வாசி நாள் அயர்ன் அக்காதான்.

பிசிறின் முறை வரும். "எனக்கு ஒண்ணுமில்லக்கா," என்பாள். நடுவில், எங்களுக்கு இடையில், பையை மடியில் கட்டிக்கொண்டு உட்காருவாள். ஒருநாளாவது அவளுக்கு ஜன்னல் கிடைக்காதா என்று எனக்கே பாவமாக இருக்கும்.

ஒருநாள் மத்தியானத்துக்கு மேல் அயர்ன் அக்கா மடித்த கட்டுகளை ஏற்றிக்கொண்டு லிஃப்ட்டில் இறங்கினார். பொசுக்கென்று கரண்ட் போனது. மெஷின்களெல்லாம் நின்ற அமைதியில் கீழேயிருந்து இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது.

நாலாவது மாடிக்கு ஓடினோம். அது காலியாகக் கிடக்கும் தளம், படிக்கட்டு ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சம் மட்டும்தான். லிஃப்ட் அந்தத் தளத்தைத் தாண்டி இறங்கிப் பாதியில் நின்றிருந்தது. அதன் கூரைக்கும் எங்கள் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் தெரிந்தது. தரையில் படுத்துப் பார்த்தேன். உள்ளே இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து மூச்சு இழுக்கும் சத்தம். அந்தக் கீச்சுச் சத்தம் அயர்ன் அக்காவின் இழுப்பு.

எலக்ட்ரீஷியன் ஓடிவந்தார். "யாரும் கைய உள்ள விட்டுடாதீங்க! கரண்ட் வந்தா இது சொல்லாம கொள்ளாம கீழ இறங்கும். மெயினை அணைக்கணும், மேல லிஃப்ட் மோட்டார் ரூம்ல இருக்கு, சாவிய மேனேஜர் எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டாரு. நான் பூட்டை ஒடைக்கப் போறேன்," என்று கத்திக்கொண்டே மொட்டை மாடிக்கு ஓடினார்.

நான் என் உடம்பைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடி, சாப்பாட்டுப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து வந்தேன். தூக்கிப் போட முடியாது. இங்கே ஒரு கம்பிக் கதவு, லிஃப்ட்டுக்கு ஒரு கம்பிக் கதவு, நடுவில் இருக்கும் சந்தில் விழுந்தால் நேரே அடித்தளம். கையில்தான் கொடுக்க வேண்டும். என் கை முழங்கைக்கு முன்னாலேயே கம்பியில் சிக்கிக்கொண்டது. பட்டன் வளையலைக் கழற்றிவிட்டு முயன்றாள். எட்டவில்லை. உள்ளே கீச்சுச் சத்தம் சின்னதாகிக்கொண்டே வந்தது. சத்தம் குறைந்தால் நல்லதில்லை என்று எனக்குத் தெரியும்.

"நான் பாக்கறேன்க்கா."

திரும்பினேன். பிசிறு எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமில்லை. கால் உதறிய உதறலில் செருப்பு தரையில் தட்டும் சத்தம் கேட்டது. சுவரை விட்டு வந்து, குப்புறப் படுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். ஒரு கம்பிக் கதவு, அடுத்த கம்பிக் கதவு, தோள்வரை போய்விட்டது.

"அக்கா, மேல கை நீட்டுங்க. இன்னும் மேல. ஆங்."

உள்ளே புஸ் என்று இன்ஹேலரை அழுத்தும் சத்தம். இன்னொரு தடவை. எனக்குப் போன உயிர் திரும்பியது.

"போதும், எந்திரி," என்றேன்.

"அக்கா கைய விடலக்கா."

அயர்ன் அக்கா இன்னொரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடி என்றால் அப்படியொரு பிடி. உள்ளேயிருந்து, நான் இதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில், "போயிடாதடி, போயிடாதடி," என்றார்.

"ஒண்ணும் ஆகாது அக்கா, பயப்படாதீங்க!" என்று நான் கத்தினேன். "பயப்படாதீங்க!" என்று பட்டனும் கத்தினாள். கத்தக் கத்த உள்ளே இழுப்பு கூடியது. எந்த நேரமும் கரண்ட் வரும் என்ற நினைப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "கைய உருவுடி! கை போயிடும்டி! உனக்கு வீட்ல பொண்ணு இருக்கு!" என்று அவள் முதுகில் அடித்தேன்.

"வாய மூடுங்கக்கா!" என்றாள் பிசிறு.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் கன்னத்தைத் தரையில் வைத்து, சந்துக்குள் பேசினாள். "பயமாத்தான் இருக்கும்க்கா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ரெண்டு பேரும் பயந்துக்கலாம். நான் ஏதாவது சொல்றேன், நீங்க கேளுங்க. எங்க தெருமுனை நாய் இருக்கில்ல? போன மாசம் அது பக்கமாவே நடந்து போனேன். அது எந்திரிக்கக்கூட இல்லக்கா. தெரியாத நம்பர்ல போன் வந்துச்சு, எடுத்துட்டேன். லோன் வேணுமான்னு கேட்டான். வேணாம்னு சொல்லிட்டு நானே வெச்சிட்டேன். குக்கர் முதல் விசில் வர்ற வரைக்கும் அடுப்படியிலயே நின்னேன். கண்ணை மூடிக்கிட்டுதான், ஆனா நின்னேன். அப்புறம், அவரு வேலை செய்யற எடத்துக்குப் போனேன்க்கா. கீழ நின்னு ஒரு தடவை அண்ணாந்து பாத்தேன். கையாட்டினாரு. நானும் ஆட்டினேன்."

பட்டனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்லக்கா என்று வேனில் வந்தவளிடம் இத்தனை இருந்திருக்கிறது.

உள்ளேயிருந்து மூச்சுக்கு நடுவே குரல் வந்தது. "இதெல்லாம்... ஏண்டி வண்டில சொல்லல?"

"சொன்னா ஜன்னல் சீட்டுல உக்கார வெச்சிருவீங்களேக்கா. லாரியெல்லாம் ஒரசிக்கிட்டுப் போகுதே."

அந்த இருட்டிலிருந்து சிரிப்பு வந்தது. பாதி இருமல், பாதி சிரிப்பு. கூடவே மூச்சும் வந்தது.

அப்போதுதான் கரண்ட் வந்தது.

கூரையில் டியூப்லைட் மினுக்கியது. லிஃப்ட் ஓர் உறுமு உறுமி, குலுங்கி, இறங்கியது. பட்டன் அலறினாள். எனக்கு அலறக்கூட வரவில்லை. பிசிறு கையை உருவவில்லை. உருவ நேரமும் இல்லை. இறங்கிய லிஃப்ட் டக்கென்று நின்றது. மேலே பூட்டை உடைத்து, சரியாக அந்த நேரம் மெயினை இழுத்திருக்கிறார் எலக்ட்ரீஷியன். இதெல்லாம் பிறகு தெரிந்த கதை. அந்த நிமிஷத்தில் நான் பார்த்தது, சாண் அளவு இருந்த இடைவெளி அவள் கை தடிமனுக்குச் சுருங்கியிருந்ததைத்தான். லிஃப்ட்டின் விளிம்பு அவள் தோளில் தொட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, இருக்கீங்களா?" என்று அவள்தான் கேட்டாள்.

"இருக்கேன்டி."

"இப்ப விடறீங்களா?"

"விடறேன்."

கை வெளியே வந்தது. மேலே மூன்று ஆட்கள் மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்ட்டை எங்கள் தளத்துக்கு ஏற்றினார்கள். அயர்ன் அக்கா வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். பிசிறு மட்டும் எழுந்திருக்கவில்லை. பயத்தில் அவள் துணி நனைந்திருந்தது. செக்கிங்கில் நான் தள்ளிவைத்த சீருடைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டினேன். ஆண்கள் பக்கம் நான் மறைத்து நின்றேன், என் உடம்பு அதற்காவது உதவியது. பின்னால் அவளே இதை எல்லோரிடமும் சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டதால்தான் எழுதுகிறேன்.

சாயங்காலம் வேனில் ஏறினோம். பிசிறு வழக்கம்போல் நடுவில் போய் உட்கார்ந்தாள். கம்பி அழுத்திய தடம் அவள் கையில் வரிவரியாகச் சிவந்திருந்தது. அயர்ன் அக்கா ஜன்னல் பக்கம் போகவில்லை, அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். வேன் நகர்ந்தது. கடைசியில் பட்டன்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"இன்னைக்கு யாரு சொல்றது?"

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றார் அயர்ன் அக்கா. அவர் வாயில் அதை நாங்கள் கேட்டதே இல்லை.

"நான் ஒண்ணு சொல்லட்டுமாக்கா?" என்றாள் பிசிறு. எல்லோரும் திரும்பினோம். அவள் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். "செக்கிங் அக்காவ வாய மூடுங்கன்னு சொன்னேன்." பிறகு, மெதுவாக, "கோவமாக்கா?"

தோளோடு போயிருக்க வேண்டிய கை அது. அன்றைக்கு அவள் ஜெயித்ததாக அவளுக்குத் தோன்றியது இது. எனக்குச் சிரிப்பு வந்தது. "போடி," என்றேன்.

"சட்டத்தை மாத்துறேன்," என்றார் அயர்ன் அக்கா. "ஜெயிச்சவ நடுவுல. திட்டு வாங்கினவ ஜன்னல்ல."

போய் உட்கார்ந்தேன். நல்ல காற்று. எத்தனையோ தடவை ஜெயித்து உட்கார்ந்த இடம்தான். முழங்கையை வழக்கம்போல் கம்பி மேல் வைத்துக்கொண்டேன். எதிரே லாரி வந்தது. டயர் என் தலை உயரம், அதில் ஒட்டியிருந்த சேறு, சக்கரத்தின் திருகாணிகள் எல்லாம் தெரிந்தன. கடந்துபோன வேகத்தில் என் தலைமயிர் பறந்தது. உண்மையிலேயே அது உரசிக்கொண்டுதான் போகிறது. எத்தனை வருஷம் இதில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு ஈரக்குலை நடுங்கியது.

நடுவிலிருந்து அந்த வரிவரியான கை நீண்டு வந்து என் தோளைத் தொட்டது.

"முழங்கைய உள்ள எடுத்துக்கோங்கக்கா," என்றாள் பிசிறு. "எனக்குப் பயமா இருக்கு."

எடுத்துக்கொண்டேன்.