விதைக்கு விட்ட பீர்க்கங்காய்

என் வீட்டுக்காரர் சவூதியிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் லப்பைக்குடிக்காட்டு வீட்டுக் கொல்லையில் பீர்க்கை விதை ஊன்றுவார். கொடி பந்தலேறும்போது லீவு முடிந்துவிடும். நட்டவர் அங்கே குபூஸ் ரொட்டியைப் பிய்த்துத் தின்பார், நாங்கள் இங்கே துவையல் அரைப்போம். எனக்கு அதில் எப்போதும் கடுப்புதான்.

கடைசித் தடவை கிளம்பும்போது, "இந்த வருசத்தோட முடிச்சிட்டு வந்துர்றேன். ஒரு காயை விதைக்கு விட்டு வை. வந்து ஊனிட்டு, காய்க்கிற வரைக்கும் இங்கயே கெடக்கேன்," என்றார்.

அவர் போன கொஞ்ச நாளில் இலைகளில் வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து ஓட ஆரம்பித்தன. வீடியோ காலில் காட்டினேன்.

"வெயிலுக்கு நேரா புடி. சின்ன ஈ ஒண்ணு எலைக்குள்ள முட்டை வச்சிட்டுப் போயிரும். புழு உள்ளயே தின்னுக்கிட்டுப் போற வழிதான் இந்தக் கோடு. அகலமா முடியுற எடத்துலதான் இருக்கும், நகத்தால நசுக்கு. கொடி சாவாது, பயப்படாத."

அப்புறம் தினமும், "அடுத்த எலையக் காட்டு" என்பார். பெற்ற மகளைக்கூட இப்படி விசாரித்ததில்லை என்று சண்டை போட்டேன். சிரித்தார்.

முதல் காய் இறங்கியதும், விதைக்கு விட்டது, யாரும் பறிக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாக அவருடைய பழைய கைலியைக் கிழித்து அதன் காம்பில் கட்டினேன். அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அன்று போனை எடுத்தவர் அவருடைய ரூம்காரர். தூக்கத்திலேயே மௌத்து. அங்கேயே அடக்கினார்கள். இலைகளைக் காட்டிய அதே போனில்தான் கடைசியாக அவர் முகத்தைப் பார்த்தேன்.

கணவன் போன பெண் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும். கொல்லைச் சுவர் இடிந்து கிடந்ததால் அங்கேயும் போகக் கூடாது என்றார் மாமியார். அடுப்படி ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கைலித் துணி மட்டும் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மூச்சு விட்டேன்.

சொந்தக்காரர்கள் கூடி ஓதும் பத்தாம் நாள் ஃபாத்திஹாவுக்கு முந்தைய நாள் அந்தத் துணியைக் காணோம். மகளைக் கூப்பிட்டேன்.

"கொல்லையச் சுத்தம் பண்ணிட்டேம்மா. எலையெல்லாம் கோடு கோடா சீக்கு விழுந்து கெடந்துச்சு. வர்றவங்க பாத்தா என்ன நெனப்பாங்க? கொடியவே புடுங்கிப் போட்டுட்டேன்."

கையை ஓங்கிவிட்டேன். அவளுக்கு அவர் நெற்றி, அவர் கண். கை தானாக இறங்கியது.

காயை மட்டும் எடுத்து வரச் சொல்லி அரிவாள்மனையில் பிளந்தேன். முற்றியிருந்தால் விதை கறுத்திருக்கும். எல்லாம் வெள்ளையாக இருந்தன.

"எதுக்கும்மா அந்தத் துணி?"

சொன்னேன். மௌத்து செய்தி வந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. இத்தனை நாள் எனக்காக அடக்கி வைத்திருந்திருக்கிறாள்.

இத்தா முடிந்து நான் கொல்லைக்குப் போனபோது பந்தலடியில் மண் ஈரமாக இருந்தது. அந்த வெள்ளை விதைகளை அவளே ஊன்றித் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். முளைக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது நானும் ஒரு குடம் ஊற்றுகிறேன்.