வலை முடிச்சு விழுந்த கம்பளி நூல்

முற்றத்தில் கருவாடு காயும் வெயில் ஊரில், அலுமாரியின் ஒரு தட்டு முழுக்கக் கம்பளி நூல் அடுக்கி வைத்திருக்கும் பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிறந்த பிள்ளைகளுக்குத் தொப்பியும் சொக்ஸும் பின்னுவேன். எந்த வெக்கையிலும் எங்கள் ஆட்கள் பச்சைப் பிள்ளையின் தலையை மூடாமல் விடமாட்டார்கள். ஆனால் உண்மையைச் சொன்னால், பின்னியதைவிட வாங்கிச் சேர்த்ததுதான் அதிகம். கொழும்புக்குப் போகிறவர் யார் அகப்பட்டாலும் நூல் சொல்லி அனுப்புவேன். "இதை வலையாக் கட்டினா களப்பையே வளைச்சிரலாம்" என்று, கடல் தொழில் செய்த என் மனுசன் அப்போதெல்லாம் சிரிப்பார்.

இங்கிலாந்தில் இருக்கும் மகள் தலைப்பிள்ளைக்கு உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் சந்தோசத்தோடு ஒரு கவலையும் வந்து உட்கார்ந்தது. தலைப்பிள்ளைப் பேற்றுக்கு உம்மா பக்கத்தில் நிற்க வேண்டும். பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்து கிடக்கும் மனுசனை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? போக ஏலாது என்று சொல்ல நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்க, அவளே முந்திக்கொண்டாள். "நீங்க வாப்பாவப் பாருங்க உம்மா. புள்ளைக்கு முதல் முதல்ல போடுற தொப்பிய மட்டும் பின்னி அனுப்புங்க."

எனக்குப் பதிலாகப் போகிற தொப்பி. கண்ட நூலில் பின்ன மனம் வரவில்லை. தட்டைக் கிளறிக் கிளறிக் கடைசியில் பின்மூலையில் கிடந்த நெய் நிற உருண்டையை எடுத்தேன். என்னிடம் உள்ளதில் அதுதான் மெத்தென்றது. நான் கோபத்தில் மூலைக்குத் தள்ளிய உருண்டையும் அதுதான்.

அந்த நூலை முன்பொரு தரம் எலி துண்டு துண்டாகக் கடித்துப் போட்டிருந்தது. கடலுக்குப் போக விடாத கச்சான் காற்றில் வள்ளங்கள் கரையேறிக் கிடந்த நாட்கள். வேலையில்லாமல் இருந்த மனுசன், நான் குசினியில் நின்ற நேரம் பார்த்து, துண்டுகளை எல்லாம் ஒன்றோடொன்று முடிந்து, வடிவாக உருட்டி வைத்துவிட்டார். போட்டது எல்லாம் வலை முடிச்சு. கிழிந்த வலையைப் பொத்துகிறவருக்கு வேறென்ன முடிச்சு வரும்? கம்பளியில் அது மிளகுபோல உருண்டு திரண்டு நின்றது.

"இதால தொப்பி பின்னினா புள்ளட தலையில குத்தாதா?" என்று பாய்ந்தேன்.

"குத்தினாலும் அவுழாது" என்றார், பெரிய வேலை முடித்தவர்போல.

அடுத்த மழைக்கு முன்னரே அவர் விழுந்துவிட்டார். கை போனது, பேச்சும் இடறியது. வள்ளத்தையும் வலைகளையும் கண்டக்குழி ஊரில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். இப்போது பகல் முழுக்க ஜன்னலோரக் கதிரையில் இருந்து தெருவைப் பார்ப்பார்.

அந்தக் கதிரைக்குப் பக்கத்தில்தான் நான் கத்தரிக்கோலோடு பாயில் உட்கார்ந்தேன். நூலை இணைக்க முடிச்சே தேவையில்லை. இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக் கொஞ்சத் தூரம் பின்னினால் போதும், தடவிப் பார்த்தாலும் தெரியாது. முடிச்சு வர வர வெட்டி எறிந்துகொண்டே பின்னினேன். வேலை நன்றாக ஓடியது. எனக்கு ஒரு பாட்டுக்கூட வாயில் வந்தது.

கதிரை அசையும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மனுசன் குனிந்து இடக்கையால் நிலத்தில் கிடந்த ஒரு முடிச்சைப் பொறுக்கினார். ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையைக் கையால் இழுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"அவுழல்ல" என்றார்.

குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு அது திருப்தி. நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். வலைகள் போய்விட்டன. அந்தக் கை இனி ஒரு முடிச்சும் போடாது. அது போட்டதில் இந்த வீட்டில் மிஞ்சியிருந்தது இவைதான் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் கத்தரிக்கோலை எடுத்திருப்பேனா? பாயைச் சுற்றிக் கிடந்ததைக் கூட்டி எடுத்தேன். கூட்டி எடுத்து என்ன? வெட்டியது வெட்டியதுதான்.

மிச்ச உருண்டையைப் பிரித்துத் தடவித் தடவிப் பார்த்தேன். நடுவில் ஒரே ஒரு முடிச்சு இருந்தது. பாதி வந்திருந்த தொப்பியை முழுவதும் குலைத்தேன். திரும்பவும் தொடங்கியபோது அந்த முடிச்சு வெளியே மடிக்கும் ஓரத்தில், பிள்ளையின் தலையில் படாத இடத்தில் வரும்படி பின்னினேன். மகளுக்கு அனுப்பும்போது முடிச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன் என்று பயம்.

பேரப்பிள்ளை பிறந்து, மகள் வீடியோவில் காட்டினாள். நெய் நிறத் தொப்பி புருவம் வரை இறங்கியிருந்தது. மனுசனின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நல்ல அளவு உம்மா" என்றாள் மகள். "ஓரத்துல மட்டும் என்னமோ கட்டியா நிக்குது. வெட்டி விடட்டா?"

"வெட்டிராத மகள்" என்றேன். "அது வாப்பாட கை."