வலை காயும் இடம்

போன புதன்கிழமை காலையில் கடற்கரையில் ஒரு காரியம் பார்த்தேன். காய்ந்த வலை ஒன்றை ஒருத்தி தண்ணீருக்கு இழுத்துக்கொண்டு போய் நனைத்தாள். நனைத்து, திரும்ப இழுத்து வந்து, மணலில் விரித்துக் காயப்போட்டாள்.

காய்ந்ததை எதற்கு நனைக்க வேண்டும்? நனைத்ததை எதற்குத் திரும்பக் காயவைக்க வேண்டும்?

அவள் பிலோமி. இருபது வருஷமாக என் வாசலுக்கு மீன் கொண்டுவருகிறவள். வலை அவள் மகன் சேவியருடையது. சேவியர் கட்டுமரத்தில் போய் முப்பத்தைந்து நாள் ஆகிறது. இன்னும் வரவில்லை.

இதில் என் பங்கு ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் பென்சிலை எடுத்தேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும் — வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா? பொறுத்துக்கொள்ளுங்கள்.

லத்தீனில் இருந்த பூசை தமிழுக்கு வந்த பிறகுதான் எங்கள் சாந்தோம் பக்கத்தில் எங்களைப் போன்றவர்கள் வேதாகமத்தைக் கையில் எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பள்ளிக்கூட ஹாலில் ஜோசப் மாஸ்டர் கிளாஸ் எடுப்பார். ஆழ்வார்பேட்டையில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவர். எங்கள் கோயில் பங்கில் அவரைவிடப் படித்தவர் இல்லை.

ஜெபமாலை மாதமான அக்டோபரில் ரேடியோவைத் திருப்பினால் எகிப்து, சிரியா, இஸ்ரேல் என்று ஒரே சண்டைச் செய்தி. எல்லாம் வேதாகமத்தில் வருகிற ஊர்கள். உலகமே முடியப்போகிறதோ... அந்தப் பயத்தில் கிளாஸுக்குக் கூட்டம் கூடிவிட்டது. பெஞ்சு போதவில்லை. குப்பத்துப் பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள்.

மாஸ்டரும் விடவில்லை. தீர்க்கதரிசிகள் சொன்னபடி எந்தெந்த ராஜ்யம் எப்படி எப்படி அழிந்தது — அதுதான் பாடம். ஒரு வாரம் நினிவே. ஒரு வாரம் பாபிலோன். மூன்றாம் வாரம் தீரு.

"கடலோரப் பட்டணம். நம்ம தி.நகர் கடைத்தெருவை நூறு மடங்கு பண்ணிக்குங்க. பட்டு, வெள்ளி, கப்பல்... அவ்வளவு கர்வம். தீர்க்கதரிசி என்ன சொன்னாரு? வெறும் பாறையாப் போயிடுவே, வலை காயப்போடற இடமா ஆயிடுவேன்னு சொன்னாரு. இப்ப பாருங்க."

வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றை விரித்துப் போட்டோ காட்டினார். உடைந்து கிடக்கிற கல்தூண்கள். அவற்றின் மேல் மீன்வலை விரித்திருந்தது. புத்தகம் கைமாறிக் கைமாறி என்னிடமும் வந்தது.

"பாத்தீங்களா? பாழ். சொன்னது சொன்னபடி நடந்துபோச்சு."

எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று வாரமாக அவரே பேசுகிறார், நாங்களே கேட்கிறோம். படித்தவர் சொன்னால் அப்படியே விழுங்கிவிட வேண்டுமா? எழுந்தேன்.

"ஏன் மாஸ்டர், துணிக்கடை இருந்தா பட்டணம், மீன் புடிக்கிறவன் வந்தா பாழா?"

ஹாலில் சிரிப்பு.

"அப்படி இல்லீங்க ஞானம்மா..."

"இங்க தரையில உக்காந்திருக்கிறதுல பாதிப் பேரு வீட்டுல வலையைக் காயப்போட்டுட்டுத்தான் வந்திருக்காங்க. அப்ப நம்ம ஊரும் பாழா?"

"அது எவ்வளவு பெரிய ராஜ்யம். அதோட வெச்சுப் பாத்தா..."

"கேளுங்க மாஸ்டர். ஆம்பள செத்துட்டா அவன் வலையைச் சுருட்டிப் பரண்ல போட்டுடுவாங்க. புருஷன் போனப்ப இவ அப்படித்தான் செஞ்சா." தரையில் இருந்த பிலோமியைக் காட்டினேன். "வலை காயுதுன்னா அந்த வீட்டுல ஆள் இருக்கான், சோறு வேகுதுன்னு அர்த்தம். உங்க தீர்க்கதரிசி அந்த ஊரைச் சபிச்சாரா, வாழ்த்தினாரா?"

பிலோமி தொடையைத் தட்டிச் சிரித்தாள். "அப்டி கேளு யக்கா. மாஸ்டரு வாயே தொறக்கல பாரு."

மாஸ்டர் புத்தகத்தை மூடினார்.

வீட்டுக்கு வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்றாம் கிளாஸோடு நின்றவள் சரித்திர வாத்தியாரை மடக்கினேன் என்றால் சும்மாவா? ஒரு வாரம் அதையே நாலு வீட்டில் சொன்னேன்.

ஒன்றை மறைக்கக்கூடாது. நான் வலையைத் தொட்டதுகூட இல்லை. என் வீட்டுக்காரர் கம்பவுண்டராக இருந்தவர். வலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வாசலில் மீன் அரிந்துகொண்டே பிலோமி சொன்னதுதான்.

அடுத்த மூன்று வாரத்தில் புயல் வந்தது. சேவியர் விடியலில் புது நைலான் வலையை எடுத்துக்கொண்டு போயிருந்தான். ஒற்றை ஆள் போகிற சின்ன மரம். மத்தியானம் காற்று மாறியது. மற்ற மரங்கள் எல்லாம் எப்படியோ கரை சேர்ந்துவிட்டன. நாலாம் நாள் அவன் மரத்தின் கட்டை ஒன்று மட்டும் கோவளம் பக்கம் ஒதுங்கியது.

வீட்டில் மிஞ்சியது அவனுடைய பழைய நூல் வலை.

செத்தவர்களுக்கு வைக்கிற ஆத்தும பூசைக்கு நாள் குறிக்கலாம் என்று பங்குச் சாமியார் சொல்லிப் பார்த்தார். பிலோமி மாட்டேன் என்றுவிட்டாள். மருமகளோ தாலியைக் கழற்றுவதா, வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் நிற்கிறாள். அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

சாமியார் எனக்கு ஆள் அனுப்பினார். "நீங்க பேசினா கேப்பாங்கம்மா. உங்க வாய்க்கு மாஸ்டரே அடங்கினவராச்சே."

பெருமையாகத்தான் போனேன். அதுதான் அந்தப் புதன்கிழமை.

"பிலோமி, இன்னாடி இது? காஞ்ச வலையை எதுக்கு நனைக்கிறே?"

"ஈரம் இல்லேன்னா இன்னாத்த காயறது?"

"நூல் வலைடி. தெனம் இப்படி நனைச்சு வெயில்ல போட்டா இத்துப்போயிடும்."

"போவட்டும். அவன் வந்து வேற பின்னிக்குவான்."

பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். "சாமியார் பூசைக்கு நாள் கேக்கறாரு. அந்தப் பொண்ணு மூஞ்சைப் பாரு. வலையைச் சுருட்டுடி. பரண்ல வெச்சிடலாம்."

அவள் வலையில் விழுந்திருந்த ஒரு மடிப்பை நீவிவிட்டாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீதானே சொன்னே யக்கா. வலை காஞ்சிகினு கீதுன்னா வூட்ல ஆளு கீறான்னு. அம்மாம் படிச்ச மாஸ்டரே பதில் பேசலியே."

"அது... ஏதோ பேச்சுக்குச் சொன்னதுடி."

"எனுக்கு அப்டி கேக்கல."

மாஸ்டரை மடக்கியவள் எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளாஸில் மாஸ்டர் வேறு ஏதோ ராஜ்யத்துக்குப் போயிருந்தார். என் காதில் விழவில்லை. எல்லாரும் போன பிறகு அவரிடம் போனேன்.

"அன்னிக்கி நீங்க சொன்னதுதான் சரி மாஸ்டர்."

இந்த வயதுவரை யாரிடமும் நான் சொல்லாத வார்த்தை. அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"இல்லீங்கம்மா. நீங்க கேட்டப்புறம் தேடிப் படிச்சேன். அந்த ஊர்ல இன்னிக்கும் ஜனங்க குடியிருக்காங்க. வீடு, கடை எல்லாம் இருக்கு. நானும் ஒரு போட்டோவை வெச்சுக்கிட்டுப் பேசிட்டேன்."

அந்தப் போட்டோவை இன்னொரு தரம் காட்டச் சொன்னேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கல் இருந்தது. வலை இருந்தது. பின்னால் கடல் இருந்தது. ஓரத்திலாவது ஓர் ஆள்... ஒரு தலையோ, காலோ?

யாரும் இல்லை. அன்றைக்கு நான் அதைத் தேடவே இல்லை.

அழிந்துபோன ராஜ்யங்களைப் பற்றி வாதாடுவது சுலபம் — செத்தவனுடைய அம்மா அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க மாட்டாள் அல்லவா? அந்தத் தைரியத்தில்தான் நாம் எல்லோரும் பேசுகிறோம்.

நேற்றுக் காலையில் மறுபடியும் போனேன். பூசையைப் பற்றிப் பேசவில்லை. பிலோமி வலையைத் தண்ணீருக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்து வா யக்கா. அலை இஸ்துகினு பூடும்."

அவ்வளவுதான் சொன்னாள். நனைத்தோம். இருவருமாகக் கரைக்கு இழுத்தோம். பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது.

நனைந்த வலை எவ்வளவு கனம் என்றுகூடத் தெரியாமல்தான் அன்றைக்கு அத்தனை பேச்சும் பேசியிருக்கிறேன்.