மஞ்சள் கதவில் ஒரு விரல்

என் தம்பி பெயிண்டர். எந்தச் சுவரைக் கண்டாலும் கட்டைவிரலால் தேய்த்து, பொடி உதிர்கிறதா என்று பார்ப்பான். விருந்துக்குப் போன வீட்டிலும் இதே வேலைதான். அவன் பூசிய சுவரில் தேய்த்தால் விரலில் ஒன்றும் ஒட்டாது. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை.

போன மாதம் அவனும், டைல்ஸ் ஒட்டும் அவன் நண்பனும் இரண்டு நாள் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனார்கள். வீட்டுக்கு ஒரு நிறம் அடித்த ஊர் அது. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே நண்பன் கறாராகச் சொல்லிவிட்டான்: "ஊர் சுத்தத்தான் வந்திருக்கோம். ஒரு சுவரைத் தொட்டாலும் அடுத்த பஸ்ல நான் வீட்டுக்குப் போயிடுவேன்."

அந்த ஊரை நண்பனோடு சுற்ற வேண்டும் என்பது தம்பியின் நெடுநாள் ஆசை. கைகளைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டே நடந்தான். நீலமும் பச்சையும் தப்பித்தன. ஒரு மஞ்சள் கதவு மட்டும் அவனை இழுத்துவிட்டது. தொட்டான், ஈரம். விரல் தடம் அப்படியே பதிந்தது.

"கெட்டுது போ," என்றான் நண்பன்.

வீட்டுக்கார அம்மா வெளியே வந்து, தடத்தையும் அவன் விரலையும் பார்த்தார்.

"பிரஷ் குடுங்கம்மா, சரி பண்ணிடறேன்," என்றான் தம்பி.

தடம் தெரியாமல் அவன் பூசி முடித்ததும், அந்த அம்மா சிரித்துவிட்டு இருவரையும் மாடிக்கு டீ குடிக்க அழைத்தார். மாடியிலிருந்து மொத்த ஊரும் கடலும் தெரிந்தன. தம்பி திரும்பிப் பார்த்தால், நண்பன் கடலுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான். தரையில் ஒரு டைல்ஸைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இதுக்கு அடியில காலிடா," என்றான்.

"அடுத்த பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டியா?" என்றான் தம்பி.

இரண்டு நாளும் இருந்துவிட்டுத்தான் வந்தார்கள்.